அருவருப்பு வேறு, ஆபத்து வேறு

(வளர்ப்புப் பிராணிகள் குறித்த வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்)

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றி வந்திருப்பதால், நாய் வாயில் வைக்கக் கூடாதவற்றை வைப்பதைப் பற்றி மட்டுமே இந்த இதழில் எழுதுகிறேன். சாப்பிட்டுக்கொண்டே பத்திரிகை படிக்கும் வழக்கமுள்ளவர்கள் கையைக் கழுவிவிட்டு இந்தப் பக்கத்துக்கு வருவது நல்லது.

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு நாய்கள் இருக்கின்றன. இளையதற்கு இரண்டு வயது. வேளை தவறாமல் உணவு கொடுக்கிறோம். எடையும் சரியாக இருக்கிறது. ஆனாலும் மூத்த நாய் தோட்டத்தில் மலம் கழித்தவுடன் ஓடிப்போய் அதைத் தின்றுவிடுகிறது. திட்டிப் பார்த்தோம், மூக்கை அதில் தேய்த்தும் பார்த்தோம், உணவில் கலக்கும் பொடி வாங்கிக் கொடுத்தோம். எதற்கும் பலனில்லை. இதை யாரிடமும் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஏதேனும் சத்துக் குறைவினால் இப்படிச் செய்கிறதா?

பதில்: கூச்சமே வேண்டாம். என்னிடம் நாயைக் கொண்டுவருபவர்கள், தடுப்பூசி போட்டு, காதைப் பார்த்து, நகத்தை வெட்டி முடித்து, கதவருகே போன பிறகு திரும்பி வந்து தாழ்ந்த குரலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் ஹார்ட்டும் அவருடைய குழுவினரும் நாய் வளர்ப்போரிடம் விவரம் திரட்டி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய 16 விழுக்காட்டு நாய்கள் குறைந்தது ஆறு முறையாவது மலம் தின்றதை உரிமையாளர்கள் கண்டிருந்தார்கள். அதாவது, தெருவில் எதிர்ப்படும் ஆறேழு நாய்களில் ஒன்றுக்கு இந்தப் பழக்கம் இருக்கக்கூடும். அதை அழைத்துப் போகிறவர் வெளியே சொல்லாமல் இருக்கிறார், அவ்வளவுதான்.

அதே ஆய்வு உங்கள் கேள்வியின் பின்பாதிக்கும் பதில் சொல்கிறது. என்ன வகை உணவு கொடுக்கப்படுகிறது என்பதற்கும் இந்தப் பழக்கத்துக்கும் தொடர்பு காணப்படவில்லை. வீட்டுக்குள் அசுத்தம் செய்யாமல் பழகிய நாயா, பழகாத நாயா என்பதும் வேறுபாட்டை உண்டாக்கவில்லை. மாறாக, எதைப் போட்டாலும் அள்ளி விழுங்கும் பெருந்தீனி நாய்களிடமும், ஒன்றுக்கு மேற்பட்ட நாய்கள் இருக்கும் வீடுகளிலும் இது கூடுதலாக இருந்தது. தின்னப்பட்ட மலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஒன்றிரண்டு நாளுக்கு உட்பட்ட புதியது. இதை வைத்து ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் முன்வைத்தார்கள்: மலத்தில் வெளியேறும் குடற்புழு முட்டைகள் உடனே நோயைப் பரப்புவதில்லை, அவை முதிர்ச்சி அடையச் சில நாட்களாவது ஆகும், ஆகவே நோயுற்ற ஓநாய் ஒன்று வளைக்கு அருகிலேயே கழித்துவிட்டால், அது புதியதாக இருக்கும்போதே தின்று அப்புறப்படுத்துவது கூட்டத்துக்கு நன்மையாக இருந்திருக்கலாம், அந்த இயல்பு நாயிடம் தங்கியிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. இது ஊகம்தான். ஆனால் நம் மூக்கைச் சுளிக்க வைக்கும் ஒரு செயல் நாயின் கணக்கில் துப்புரவுப் பணியாக இருக்கக்கூடும் என்பதை ஏற்றுக்கொண்டால், அதன்மேல் வரும் கோபமாவது கொஞ்சம் தணியும்.

நீங்கள் வாங்கிய பொடியைப் பற்றி: மலத்துக்குக் கசப்போ துர்ச்சுவையோ ஏற்றுவதாகச் சொல்லி விற்கப்படும் பதினொரு வகைத் தயாரிப்புகளைப் பற்றி உரிமையாளர்கள் சொன்ன பலன், அந்த ஆய்வில் 0 முதல் 2 விழுக்காடு வரைதான் இருந்தது. எனக்கு இதில் வியப்பில்லை. மனித நாவில் சுவை மொட்டுகள் ஏறக்குறைய 9,000 என்றால் நாயின் நாவில் 1,700 அளவில்தான் இருக்கின்றன. எதைத் தின்பது என்பதை நாய்க்கு முடிவுசெய்து கொடுப்பது மூக்கு. நாக்கு பின்னால் வருவது. சிலர் மலத்தின்மேல் மிளகாய்த் தூளைத் தூவிவிட்டுக் காத்திருக்கிறார்கள். அது வாயையும் கண்ணையும் எரிய வைக்குமே தவிர, தூவாத மலத்தை மோந்து கண்டுபிடிக்க நாய்க்கு ஒரு நொடிகூட ஆகாது.

மூக்கை அதில் தேய்ப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். மலத்தைத் தின்றதற்கும் மூக்கு தேய்க்கப்பட்டதற்கும் நீங்கள் போடும் முடிச்சை நாய் போடுவதில்லை. அது கற்றுக்கொள்வது வேறு இரண்டு பாடங்களை: உங்கள் கண்முன் மலம் கழிப்பது ஆபத்து, கழித்தது கிடந்தால் நீங்கள் வந்து சேர்வதற்குள் தடயம் இல்லாமல் செய்துவிடுவது நல்லது. நீங்கள் "ஏய்" என்று கத்திக்கொண்டே ஓடுவதும் அப்படித்தான். உங்கள் ஓட்டத்தைப் பார்க்கும் நாய், அங்கே கிடப்பது நீங்களும் போட்டியிடும் அளவுக்கு மதிப்புள்ள பொருள் என்று முடிவுகட்டி, இன்னும் வேகமாக விழுங்கும். பல வீடுகளில், எப்போதோ ஒருமுறை நடந்த மோந்து பார்த்தலைத் தினசரிப் பழக்கமாக மாற்றியது இந்த ஓட்டப்பந்தயம்தான் என்பது என் அனுபவம்.

பலன் தருவது சலிப்பூட்டும் ஒரு வழி. கிடந்தால்தானே தின்னும்? ஆகவே கிடக்க விடாதீர்கள். இரண்டு நாய்களையும் மலம் கழிக்க ஒன்றாக அவிழ்த்துவிடாமல், சில வாரங்களுக்காவது தனித்தனியே, இளையதைக் கயிற்றில் பிடித்து அழைத்துப் போங்கள். கழித்து முடித்த அந்த நொடியில் இயல்பான குரலில் பெயர் சொல்லி அழைத்து, அதற்கு மிகவும் பிடித்த தின்பண்டத் துண்டு ஒன்றை உங்கள் காலருகே கொடுங்கள். நாய் தின்றுகொண்டிருக்கும்போதே மலத்தை அள்ளிவிடுங்கள். மூத்த நாய் கழித்தாலும் இளையதை அழைத்து இதே பரிசைக் கொடுங்கள். நாளடைவில் மலம் கழிக்கப்படுவதே உங்களிடம் ஓடிவருவதற்கான சைகையாக மாறிவிடும். அதைப் பார்த்துவிட்டு உங்கள் கையைத் தேடும் நாய்கள் பலவற்றை நான் பார்த்திருக்கிறேன்.

இதனுடன் 'விடு' என்ற சொல்லையும் வீட்டுக்குள் சொல்லிக் கொடுங்கள். சாதாரணத் தின்பண்டம் ஒன்றை மூடிய கைக்குள் வைத்து நாயின் முன்னே நீட்டினால், அது நக்கும், பிராண்டும், கடைசியில் ஒருகணம் மூக்கைப் பின்னே இழுக்கும். அந்தக் கணத்தில் மற்றொரு கையிலிருந்து, அதைவிடச் சுவையான ஒன்றைக் கொடுக்க வேண்டும். மூடிய கையில் இருந்ததை மட்டும் ஒருபோதும் கொடுக்கக் கூடாது. சில நாட்களில் கையைத் திறந்து வைத்து, பிறகு தரையில் காலடியில் மறைத்து வைத்து, பிறகு கயிற்றில் நடத்திக்கொண்டே கடந்துபோகும்படி வைத்துப் பழக்கலாம். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று நிமிடங்கள் போதும். வீட்டுக்குள் இன்னும் கேட்காத நாயிடம் தோட்டத்தில் போய்க் கூவுவதில் பயனில்லை. அப்படிக் கூவிக் கூவித்தான் அந்தச் சொல் பொருளற்ற ஓசையாகிப் போகிறது.

சத்துக் குறைவு குறித்து ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். எடை சரியாக இருந்து, உற்சாகமாக ஓடியாடும் இளம் நாயிடம் நோயைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஒருமுறை மலப் பரிசோதனை செய்து, குடற்புழு நீக்க மருந்தை முறைப்படி கொடுத்தால் போதும். ஆனால் பல ஆண்டுகள் இப்பழக்கமே இல்லாதிருந்த நாய் திடீரெனத் தொடங்கினாலோ, நிறையத் தின்றும் இளைத்துக்கொண்டே வந்தாலோ, மலம் வெளிறிய நிறத்தில், அளவில் மிகுந்து, எண்ணெய்ப் பசையுடன் போனாலோ தாமதிக்க வேண்டாம். செரிமான நொதிகளைக் கணையம் போதிய அளவு சுரக்காத ஒரு நோய் உண்டு. ஜெர்மன் ஷெப்பர்டு இனத்தில் அது மற்ற இனங்களைவிட அதிகம். உணவு செரிக்காமல் அப்படியே வெளியேறுவதால், அந்த நாய்க்கு வயிறு நிறைந்தும் உடல் பட்டினி கிடக்கிறது. ரத்தப் பரிசோதனையில் இதைக் கண்டுபிடித்துவிடலாம். உணவில் நொதிப் பொடி கலந்து கொடுத்துப் பல ஆண்டுகள் நன்றாக வைத்திருக்கவும் முடியும். நீரிழிவு, அட்ரினல் சுரப்பி மிகையாக வேலை செய்வது, ஸ்டீராய்டு மாத்திரைகள், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபினோபார்பிட்டால் ஆகியவையும் அடங்காப் பசியை உண்டாக்கி நாயை எதையும் தின்ன வைக்கும். மருந்து தொடங்கிய பிறகு பழக்கமும் தொடங்கியிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் நாய் பத்து நாட்களுக்கு முன் குட்டி போட்டது. குட்டிகளின் மலத்தை ஒன்றுவிடாமல் அதுவே நக்கித் தின்கிறது. தடுக்க வேண்டுமா?

பதில்: தடுக்காதீர்கள். பிறந்த குட்டிகளால் தாமாகச் சிறுநீரோ மலமோ கழிக்க இயலாது. தாய் அடிவயிற்றையும் பின்புறத்தையும் நக்கித் தூண்டினால்தான் அவை கழிக்கும். கழித்ததைத் தாயே தின்று படுக்கையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும். ஏறத்தாழ மூன்று வாரங்களில் குட்டிகள் தாமே கழிக்கத் தொடங்கும். அவை திட உணவுக்கு மாறும்போது தாயின் இந்த வேலையும் குறைந்துவிடும். அதன் பிறகு துப்புரவுப் பொறுப்பு உங்களுடையது. நீங்கள் சோம்பியிருந்தால், தாயைப் பார்த்து வளர்ந்த குட்டிகள் அந்தப் பொறுப்பைத் தாங்களே எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: எங்கள் நாய் பூனையின் மலப்பெட்டியைக் கண்டால் விடுவதில்லை. நடைக்குப் போகும்போது மாடு, குதிரை ஆகியவற்றின் சாணத்தையும் தின்கிறது. இவற்றில் எது மோசம்?

பதில்: பூனையின் உணவில் புரதமும் கொழுப்பும் அதிகம் என்பதால், அதன் மலம் நாயின் மூக்குக்குப் பலகாரம் போன்றது. இதைப் பயிற்சியால் திருத்த முயல்வது வீண் உழைப்பு. பூனை நுழையக்கூடிய, நாய் நுழைய முடியாத இடத்தில் பெட்டியை வைத்துவிடுங்கள். கட்டியாகும் வகை மணலைச் சேர்த்து நிறைய விழுங்கினால் குடல் அடைபடவும் வாய்ப்புண்டு.

சாணத்தைப் பார்ப்பவர்கள் 'புல் தின்னும் பிராணியின் சாணம்தானே' என்று விட்டுவிடுகிறார்கள். பார்வைக்கு அவ்வளவு அருவருப்பாக இல்லாத அதுதான் சில நாய்களுக்கு உயிராபத்து. கால்நடைகளுக்கும் குதிரைகளுக்கும் புழு நீக்கக் கொடுக்கப்படும் ஐவர்மெக்டின் அவற்றின் சாணத்தில் வெளியேறுகிறது. கோலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்டு போன்ற இனங்களில், மருந்துகளை மூளைக்குள் புகவிடாமல் தடுக்கும் புரதத்துக்கான மரபணுவில் குறை உள்ள நாய்கள் பல உண்டு. அத்தகைய நாய்க்குத் தள்ளாட்டம், பார்வையிழப்பு, வலிப்பு, மயக்கம் வரை போகலாம். உங்களுடையது இந்த இனங்களில் ஒன்றாகவோ அவற்றின் கலப்பாகவோ இருந்தால், சாணம் கிடக்கும் வழியில் கயிற்றை அவிழ்க்காதீர்கள்.

கேள்வி: நாய் புல்லைத் தின்றால் வயிற்றில் ஏதோ கோளாறு, வாந்தி எடுக்கத்தான் தின்கிறது என்கிறார்கள். உண்மையா?

பதில்: பெரும்பாலும் இல்லை. புல் தின்னும் நாய்களில் தின்பதற்கு முன் உடல்நலக் குறைவின் அறிகுறி காட்டுபவை பத்தில் ஒன்றுக்கும் குறைவு என்றும், தின்றபின் வாந்தியெடுப்பவை நான்கில் ஒன்றுக்கும் குறைவு என்றும் உரிமையாளர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வுகள் காட்டியுள்ளன. நலமான நாய்கள் சாதாரணமாகச் செய்யும் காரியம் இது. களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ தெளித்த புல்லாக இல்லாதவரை விட்டுவிடலாம். பதற்றத்துடன், தரையோடு தரையாகக் கடித்திழுத்து விழுங்கிக்கொண்டே இருந்தால், எச்சிலும் ஒழுகினால், அது குமட்டலாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: ஏழு மாதக் குட்டி. காலுறை, துண்டு, கூழாங்கல், நெகிழிப் பை என்று எது கிடைத்தாலும் கடிக்கிறது. சிலவற்றை விழுங்கியும் விடுகிறது. காலுறை ஒன்று முழுதாக மலத்தோடு வந்தது. வந்துவிட்டதால் கவலையில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. இந்தப் பக்கத்துக்கு வந்த கடிதங்களில் என்னை உண்மையாகவே கவலைப்பட வைத்தது உங்களுடையதுதான். மலம் தின்னும் நாயைப் பற்றி எழுதியவர்கள் பக்கம் பக்கமாக வருந்தியிருக்கிறார்கள். காலுறை விழுங்கும் நாயைப் பற்றி நீங்கள் ஏறக்குறையச் சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறீர்கள். மலம் தின்ற நாய்க்காக நள்ளிரவில் அறுவை அறைக்கு நான் போனதில்லை. துணி விழுங்கிய நாய்க்காகப் பலமுறை போயிருக்கிறேன்.

குட்டிகளுக்குப் பால்பல் விழுந்து நிலைப்பல் முளைப்பது ஏறத்தாழ மூன்றரை மாதம் முதல் ஏழு மாதம் வரை நடக்கும். அந்த நாட்களில் ஈறு உறுத்துவதால் கடிப்பது இயற்கை. கடிப்பது வேறு, விழுங்குவது வேறு. கடிக்கத் தகுந்த ரப்பர்ப் பொம்மைகளைக் கொடுங்கள். ஆனால் அது துண்டு துண்டாகப் பிய்த்து விழுங்கும் குட்டியாக இருந்தால், நீங்கள் பக்கத்தில் இல்லாதபோது அவற்றையும் எடுத்து வைத்துவிடுங்கள். உணவல்லாதவற்றை விழுங்கும் பழக்கம் பல் முளைத்து முடிந்த பிறகும் தொடர்ந்தால், குறிப்பாக மண், சுவர்க் காரை, கல் ஆகியவற்றைத் தேடித் தேடித் தின்றால், ரத்தசோகை, கல்லீரல் கோளாறு, நாள்பட்ட குடல் நோய் ஆகியவை இல்லை என்பதை ரத்தப் பரிசோதனையால் உறுதிசெய்துகொள்ள வேண்டும். வேலையும் விளையாட்டும் இல்லாமல் நாள் முழுதும் அடைந்து கிடக்கும் நாயும் இப்படிச் செய்யும். அதற்கு மருந்து கூடுதல் நடையும், உணவைத் தேடி எடுக்க வைக்கும் விளையாட்டும்.

ஒரு காலுறை வெளியே வந்ததால் அடுத்ததும் வரும் என்று நம்ப முடியாது. இரைப்பையிலிருந்து சிறுகுடலுக்குப் போகும் வாயிலிலோ சிறுகுடலிலோ அது சிக்கினால் திரும்பத் திரும்ப வாந்தி, உணவில் வெறுப்பு, வயிற்றைத் தொட்டால் வலி, சோர்வு, மலம் வராமை ஆகியவை தோன்றும். தண்ணீரைக்கூட வயிற்றில் தங்கவிடாமல் வாந்தியெடுக்கும் நாயை 'நாளைக் காலை பார்க்கலாம்' என்று வைத்திருக்கக் கூடாது. குடற்சுவர் ரத்தம் இழந்து அழுகத் தொடங்கிவிட்டால் அதை வெட்டியெடுத்து இணைக்க வேண்டியிருக்கும். துணியும் நெகிழியும் எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரிவதில்லை. ஆகவே நாய் எதை விழுங்கியது, எப்போது விழுங்கியது என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள், அதன் ஜோடியையும் கையோடு எடுத்து வாருங்கள். விழுங்கிய சில மணி நேரத்துக்குள் வந்தால், ஊசி போட்டு வாந்தியெடுக்க வைத்தோ எண்டோஸ்கோப் மூலமோ பல சமயம் கத்தியில்லாமலே எடுத்துவிடலாம்.

நூல், நாடா, கயிறு போன்ற நீளமான பொருள்கள் இன்னும் கொடியவை. ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையிலோ மாட்டிக்கொள்ள, மறுமுனையைக் குடல் முன்னே தள்ள, குடல் முழுதும் சுருக்குப்பை போலச் சுருங்கி, நூல் அதைக் கத்தியாக அறுத்துவிடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குவதைப் பார்த்தால் பிடித்து இழுக்காதீர்கள். அப்படியே கொண்டுவாருங்கள்.

வட்ட வடிவப் பொத்தான் பேட்டரியை நாய் விழுங்கினாலோ மென்றாலோ, அறிகுறிக்காகக் காத்திருக்கவே கூடாது. உணவுக்குழாயில் தங்கிவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே அது புண்ணாக்கத் தொடங்கிவிடும். வாந்தியெடுக்க வைக்கும் வேலையை வீட்டில் செய்யாதீர்கள். உப்பைக் கரைத்து ஊற்றும் பழைய வைத்தியம் நாயின் ரத்தத்தில் சோடியத்தை ஏற்றிக் கொன்றுவிடக்கூடியது. பேட்டரி, கூரான பொருள், அமிலம், காரம் ஆகியவை வந்த வழியே திரும்பும்போது இரண்டாம் முறை காயப்படுத்தும்.

கேள்வி: எங்கள் லாப்ரடார் அரை நிமிடத்தில் தட்டைக் காலி செய்துவிட்டு, உடனே அப்படியே கக்கி, கக்கியதை மறுபடியும் தின்கிறது. பார்க்கச் சகிக்கவில்லை.

பதில்: சகிக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், கக்கியது செரிக்காத உணவாக, இப்போது உள்ளே போனதாக இருந்தால், அதை மறுபடி தின்பதால் கெடுதல் இல்லை. வேட்டையிலிருந்து திரும்பும் ஓநாய்கள் குட்டிகளுக்கு உணவைக் கக்கித்தான் ஊட்டுகின்றன. நாய்க்குட்டி உங்கள் வாயோரத்தை நக்கும்போது நீங்கள் முத்தம் என்று நினைத்து மகிழ்கிறீர்களே, அதன் மூலக்கதை இதுதான்.

ஆனால் நீங்கள் கவனிக்க வேண்டியது வேகத்தை. லாப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு, பசியையும் நிறைவையும் மூளைக்கு உணர்த்துவதில் பங்குள்ள மரபணு ஒன்றில் மாற்றம் இருப்பதைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் கண்டறிந்தார்கள். அவற்றுக்கு 'போதும்' என்ற செய்தி சரியாகப் போய்ச் சேர்வதில்லை. ஆகவே நாயிடம் நிதானத்தை எதிர்பார்க்காமல் பாத்திரத்தை மாற்றுங்கள். உள்ளே மேடு பள்ளங்கள் உள்ள பாத்திரங்கள் கிடைக்கின்றன. அகலமான தட்டில் மெல்லிய பரப்பாகத் தடவியோ, உலர் உணவைத் தரையில் பரவலாகச் சிதறவிட்டோ கொடுத்தாலும் போதும். நாளுக்கு ஒருமுறை மொத்தமாகப் போடுவதை இரண்டு மூன்று வேளைகளாகப் பிரியுங்கள். இரண்டு நாய்கள் இருந்தால் வேறு வேறு அறையில் ஊட்டுங்கள். பாதி வேகம் பக்கத்துத் தட்டைக் கண்ட பயத்தால் வருவது.

கிரேட் டேன் போன்ற, மார்புக்கூடு ஆழமான பெரிய இன நாய்களை வளர்ப்பவர்கள் இதைக் கூடுதல் அக்கறையுடன் படிக்க வேண்டும். வேகமாகத் தின்பதும், ஒரே வேளையில் எல்லாவற்றையும் தின்பதும், இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன. வாந்தியெடுக்க முயன்றும் எதுவும் வராமல் உமட்டுவது, வயிறு உப்புவது, நிலைகொள்ளாமல் உலவுவது, எச்சில் ஒழுகுவது ஆகியவற்றைக் கண்டால் அது சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கும் அவசரம். இந்த இனங்களுக்குக் கருத்தடை அறுவையின்போதே இரைப்பையை வயிற்றுச் சுவருடன் சேர்த்துத் தைத்து, முறுக்கு ஏற்படாமல் தடுத்துவிட முடியும். மருத்துவரிடம் முன்கூட்டியே பேசுங்கள்.

கேள்வி: குப்பைத் தொட்டியைக் கவிழ்த்து எலும்பு, மீந்துபோன உணவு என்று வாரிக்கொண்டு போகிறது. பிடுங்கப் போனால் உறுமுகிறது. போன வாரம் என் கணவரின் கையைக் கடிக்க வந்துவிட்டது. எஜமானர் யார் என்பதைக் காட்டினால்தான் அடங்கும் என்கிறார் அவர்.

பதில்: உங்கள் கணவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: உறுமல் நாயின் நாகரிகம். கடிப்பதற்கு முன் அது தரும் கடைசி எச்சரிக்கை அது. அடித்து உறுமலை நிறுத்திவிட்டால், அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் பல் மட்டும் வரும். 'என் கையில் உள்ளதை இவர்கள் பறிக்கிறார்கள்' என்பதைத்தான் அது ஒவ்வொரு பிடுங்கலிலும் உறுதிப்படுத்திக்கொள்கிறது.

பிடுங்காமல் பண்டமாற்றுச் செய்யுங்கள். வாயில் இருப்பதைவிடச் சிறந்த ஒன்றைச் சில அடி தள்ளிப் போட்டு, அது போய் எடுக்கும்போது கீழே விட்டதை அகற்றுங்கள். ஆபத்தில்லாத பொருள்களை வைத்துத் தினமும் பழக்குங்கள். கீழே விட்டதைப் பல நேரம் திருப்பியும் கொடுத்துவிடுங்கள். கொடுத்தால் நட்டமில்லை என்ற நம்பிக்கை அதற்கு வர வேண்டும். அது சாப்பிடும்போது தட்டை எடுத்து எடுத்துப் பழக்குவது பலர் செய்யும் தவறு. கடந்து போகும்போது தட்டில் சுவையான ஒரு துண்டைப் போட்டுவிட்டுப் போங்கள். ஏற்கெனவே கடிக்க வந்த நாய் என்பதால், வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் தாமதிக்காமல் நடத்தைப் பயிற்சி தெரிந்த மருத்துவரை நாடுங்கள்.

தொட்டியைப் பற்றிப் பயிற்சியே தேவையில்லை. இறுக மூடும் தொட்டியை வாங்கிக் கதவுள்ள அலமாரிக்குள் வையுங்கள். வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களைச் சிதைக்கும். திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். சாக்லேட்டில் உள்ள தியோப்ரோமினை நாயின் உடல் மிக மெதுவாகவே வெளியேற்றும். சர்க்கரையற்ற சூயிங்கத்தில் உள்ள சைலிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் ரத்தச் சர்க்கரையை அதலபாதாளத்துக்குத் தள்ளிவிடும். வேகவைத்த எலும்பு சிலாம்புகளாக உடைந்து குடலைக் குத்தும். பூஞ்சை பிடித்த உணவால் உடல் நடுங்கி வலிப்பு வரலாம். மனிதன் ருசித்துத் தின்றுவிட்டு எறிந்தவை இவை. எங்கள் வீட்டு நாய் ஒருமுறை உலர்திராட்சைப் பொட்டலத்தைத் திறந்துவிட்டது. அன்று தொட்டியை மூட மறந்தது யார் என்று என் மனைவி இன்றும் கேட்பதுண்டு. நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

கேள்வி: மலத்தைத் தின்றுவிட்டு வந்து என் மகளின் முகத்தை நக்குகிறது. அவளுக்கு மூன்று வயது. நோய் வருமா?

பதில்: உருண்டைப்புழு முட்டைகள் வெளியேறிய பிறகு தொற்றும் நிலையை அடைய இரண்டு முதல் நான்கு வாரங்கள் வரை ஆகும் என்பதால், அப்போதுதான் தின்ற புதிய மலத்திலிருந்து அந்தப் புழு வரும் வாய்ப்புக் குறைவு. நாள்பட்ட மலம் கலந்த மண்ணில் விளையாடிவிட்டுக் கையை வாயில் வைப்பதால்தான் பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் வருகிறது. ஆனால் சால்மோனெல்லா போன்ற பாக்டீரியாக்களுக்கும் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணிக்கும் அந்தக் காத்திருப்புக் காலம் இல்லை. ஆகவே முகத்தையும் வாயையும் நக்கவிடாதீர்கள். நாயைத் தொட்டு விளையாடிய பிறகு மகளின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். குடற்புழு நீக்க மருந்தைத் தேதி குறித்துக் கொடுங்கள். தோட்டத்து மலத்தை அன்றன்றே அள்ளிவிடுங்கள். நாய்க்குப் பல் துலக்கி விடுவதானால் நாய்களுக்கென்றே உள்ள பற்பசையைத்தான் பயன்படுத்த வேண்டும். உங்கள் பற்பசையில் நான் மேலே சொன்ன சைலிட்டால் இருக்கக்கூடும்.